போகப்போகிற மேலாளரை இப்போதே நீக்கினால் அணி மீண்டுவிடுமா?

"சீசன் முடிவில் விலகப்போகும் மேலாளரின் பேச்சை வீரர்கள் மதிக்க மாட்டார்கள், தடுமாறும் கிளப் அவரை உடனே நீக்கினால் நிலைமை மாறிவிடும்" என்றொரு கால்பந்துப் பதிவு சுற்றிவருகிறது. இதில் பாதிக்குத்தான் ஆதாரம் உண்டு.

ஓய்வை முன்கூட்டியே அறிவித்த மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனின் இங்கிலாந்து அணி மான்செஸ்டர் யுனைடெட் 2001-02 சீசனில் தடுமாறியது நிஜம். ஆனால் 2013 ஜனவரியில் ஜெர்மன் கிளப்பான பயர்ன் மியூனிக் அடுத்த சீசனுக்கான மேலாளராக பெப் கார்டியோலாவை அறிவித்தது. போகவேண்டிய அப்போதைய மேலாளர் யூப் ஹைன்கெஸ் அதே சீசனில் புண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்), ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக், ஜெர்மன் கோப்பை மூன்றையும் அள்ளினார். வலுவான அணிதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் "மதிக்க மாட்டார்கள்" என்ற வாதம் அங்கேயே அடிபடுகிறது.

நீக்கியதும் வரும் ஏற்றம்? 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களைப் பொருளாதார நிபுணர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். மேலாளரை நீக்கிய அணிகள் மீண்டன, ஆனால் அவற்றைப்போலவே சரிந்தும் மேலாளரை மாற்றாத அணிகளும் ஏறத்தாழ அதே வேகத்தில் மீண்டிருந்தன. பள்ளத்தில் இருக்கும்போது மாற்றுவதால், பின்னால் தானாக வரும் ஏற்றத்துக்கும் புதியவருக்கே பெயர் கிடைக்கிறது.

"எப்படியும் போகிறவர்தானே, செலவில்லை" என்பதும் தவறு. ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள மாதங்களுக்கான இழப்பீடு பொதுவாக கிளப்பின் தலையில்தான் விழும்.