ரத்தம் எத்தனை நிமிஷத்தில் வரும்?

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் போன் செய்தாள். ஏழாம் மாதம், தலைப்பிள்ளை. கோவையில் இருக்கிறாள். "அக்கா, ஒரு இயற்கைப் பிரசவ மையம் போய்ப் பார்த்துட்டு வந்தோம். வீடு மாதிரியே இருக்கு. தண்ணித்தொட்டி வச்சிருக்காங்க. வலி எடுக்கும்போது நடக்கலாம், குத்தவைக்கலாம், அவரும் கூடவே இருக்கலாமாம். ஆஸ்பத்திரின்னா அறுத்துடுவாங்கன்னு பயமா இருக்குக்கா. நீ என்ன சொல்ற?"

உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

2014-ல் என் மூத்தவன் பிறந்தான், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். காலை ஆறு மணிக்குப் படுக்க வைத்தவர்கள் எழுந்திருக்கவே விடவில்லை. டிரிப்ஸில் வலி வரவைக்கும் மருந்து ஏற்றினார்கள். என்ன மருந்து, எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். தாகம் என்றேன், தண்ணீர் கூடாது என்றார்கள். கத்தியபோது ஒரு நர்ஸ் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். பிள்ளை பெற்ற பாதிப் பேர் அதைக் கேட்டிருப்பீர்கள். சாயங்காலம் டாக்டர் வந்து, "பனிக்குடத் தண்ணி குறைஞ்சிடுச்சு, ரிஸ்க் எடுக்க வேண்டாம்" என்றார். என் கணவர் கையெழுத்துப் போட்டார். அந்த ஆபரேஷன் தேவைதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தேவையாகவே இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு யாரும் விளக்கவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. நாடு முழுவதற்கும் சராசரி 21.5 தான். ஒரு சமூகத்தில் சிசேரியன் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பிறகு, அதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. ஆக, சித்தி மகளைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் எனக்கு இன்னொரு ராத்திரியும் நினைவிருக்கிறது.

2017, என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். யோசித்துப் பார்த்தால் நம் ஊர் பர்த் சென்டர் அதுதான். ஆபரேஷன் தியேட்டர் கிடையாது, ரத்த வங்கி கிடையாது. ராத்திரியும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் டியூட்டியில் இருப்பார், சிக்கல் இல்லாத பிரசவத்தை அவரே பார்ப்பார். துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவார்கள் என்பதால் நான் தலைமாட்டில் நின்றேன். அந்த நர்ஸம்மா தங்கையை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. "நட தாயி, நடந்தா தலை இறங்கும்" என்று வராந்தாவில் நடக்க வைத்தார். ராத்திரி இரண்டே காலுக்குப் பெண் குழந்தை. பிறந்ததும் அழுதாள். தொடையில் ஒரு ஊசி. பத்து நிமிஷத்தில் நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நான் வெளியே போய் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குள் கட்டிலுக்குக் கீழே இருந்த வாளியில் ரத்தம் சொட்டுகிற சத்தம் மாறியிருந்தது. சொட்டாக இல்லை, ஒழுகலாக. நர்ஸம்மா அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். கர்ப்பப்பை சுருங்கினால் தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். மாவு மாதிரி இருந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிசைந்துகொண்டே இன்னொரு கையால் மருந்து டிரேயைக் காட்டி, "அந்த ஊசியை எடும்மா, வாட்ச்மேனை 108க்கு போன் போடச் சொல்லு" என்றார். இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏற்றினார். தங்கை உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. "அக்கா, குளிருது" என்றாள். வெளியே மே மாதப் புழுக்கம்.

ஆம்புலன்ஸிலும் நர்ஸம்மா ஏறினார். ஜிஎச் 22 கிலோமீட்டர். வழி முழுக்க வயிற்றிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அங்கே மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். தங்கை இருக்கிறாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

தங்கைக்கு முன்கூட்டி எந்தச் சிக்கலும் கிடையாது. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, ஸ்கேன் சுத்தம், முதல் பிரசவம் சுகப்பிரசவம். பேறுகால ரத்தப்போக்கு பல நேரம் இப்படித்தான், சொல்லாமல் வரும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. அது சுருங்க மறுத்தால் நம்மிடம் இருப்பது நிமிஷக் கணக்குதான். தண்ணித்தொட்டியையும் மங்கலான விளக்கையும் விட்டுவிட்டு, நான் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்பது இதனால்தான்: ரத்தமும் தியேட்டரும் எத்தனை நிமிஷத்தில்?

பர்த் சென்டர் என்றாலே ஆபத்து என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. 2011-ல் இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத சுமார் 64,000 பிரசவங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. தலைப்பிள்ளையை வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்து (மரணமோ கடுமையான பாதிப்போ) கூடுதலாக இருந்தது: ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. ஆனால் மிட்வைஃப், அதாவது பயிற்சி பெற்ற மருத்துவச்சி, நடத்தும் மையங்களில் குழந்தைகளுக்குக் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை, சிசேரியனும் குறைவு. இந்த அளவோடுதான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. ஆஸ்பத்திரியை விட்டுத் தனியாக இருக்கும் மையங்களுக்குத் தலைப்பிள்ளைக்குப் போனவர்களில் நூற்றுக்கு 36 பேர் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல்! அந்த மையங்களின் பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. தாமதிக்காமல் அனுப்புகிறார்கள், வழியில் ஆம்புலன்ஸ் இருக்கிறது, போய்ச் சேருமிடத்தில் கதவு திறந்திருக்கிறது.

இங்கே? "வேற இடத்துல பார்த்த கேஸை ஏன் இங்க கொண்டு வர்றீங்க" என்று வாசலிலேயே கேட்கிற ஆஸ்பத்திரிகள் உண்டு. இங்கிலாந்தில் மிட்வைஃப் என்றால் மூன்று வருஷம் படித்து, பதிவு பெற்றவர். இந்தியாவில் மத்திய அரசு மிட்வைஃபரி வழிகாட்டுதலை வெளியிட்டதே 2018-ல்தான். நர்ஸ் படிப்புக்கு மேல் 18 மாதப் பயிற்சி. அப்படிப் பயின்றவர்கள் இன்னும் ரொம்பக் குறைவு. பிரசவத்தில் துணைக்கு நிற்கிற டூலா என்பவர் வேறு. கையைப் பிடித்துக்கொள்வார், முதுகைத் தேய்த்துவிடுவார், தைரியம் சொல்வார். அதுவும் பெரிய உதவிதான். ஆனால் ரத்தம் போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து, ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். படித்த குடும்பம். அந்தச் செய்தியை இப்போது நினைத்தாலும் தங்கையின் வெளுத்த உதடுதான் கண்ணில் வருகிறது.

சித்தி மகளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்த மையத்தில் போய்க் கேட்கச் சொன்னேன். பிரசவம் பார்ப்பது யார், என்ன படித்தவர்? கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி ஃபிரிட்ஜில் இருக்கிறதா? குழந்தை மூச்சுவிடாவிட்டால், மூச்சு கொடுக்கும் பையும் மாஸ்க்கும் யார் கையில் இருக்கும்? எந்த ஆஸ்பத்திரியோடு பேசி வைத்திருக்கிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே மயக்க டாக்டர் இருப்பாரா? முக்கியமாக, போன வருஷம் எத்தனை பேரை அனுப்பினார்கள்? "ஒருத்தரைக்கூட அனுப்பினதில்ல"ன்னு பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடு என்றேன்.

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. அவள் அந்த மையத்தில் தேடிப்போனது என்ன? நடக்க, குத்தவைக்க, தண்ணீர் குடிக்க, கூட ஒரு ஆள் வைத்துக்கொள்ள, மரியாதையாக நாலு வார்த்தை கேட்க. இது அத்தனையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பிரசவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்படுத்தாதே என்றும் அதில் இருக்கிறது. இதற்குத் தியேட்டர் வேண்டாம், மெஷின் வேண்டாம். லேபர் வார்டில் ஒரு ஸ்டூலும் ஒரு திரைச்சீலையும் திட்டாத நர்ஸும் போதும். அதே வளாகத்தில் மிட்வைஃப் பார்க்கிற அறை, நாலு அடி தள்ளித் தியேட்டர். என்னைக் கேட்டால் தலைப்பிள்ளைக்கு அதுதான் சரியான இடம். அது இல்லாத ஊரில் தியேட்டருக்குப் பக்கத்திலேயே இருந்துகொள் என்றுதான் சொல்வேன், அங்கே கிடைக்கும் வலியையும் அவமானத்தையும் தெரிந்தே.

நேற்று ராத்திரி திரும்பக் கூப்பிட்டாள். மையத்தில் கேட்டாளாம். மற்றதுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர்கள், எத்தனை பேரை அனுப்பினீர்கள் என்றதும், "நம்பிக்கையோட வாங்கம்மா, நெகட்டிவா யோசிக்காதீங்க" என்றார்களாம். இப்போது வேறொரு ஆஸ்பத்திரி பார்த்திருக்கிறாள். தியேட்டர் மாடியிலேயே இருக்கிறது. ரத்த வங்கி எதிர் வரிசையில். லேபர் ரூமுக்குள் ஒருவரை விடுவார்களாம். அவள் கணவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், சித்திக்குச் சர்க்கரை, ராத்திரி கண் விழிக்க முடியாது. அதனால் டியூ டேட்டுக்கு ஒரு வாரம் முன்னாலேயே லீவு சொல்லிவிட்டு நான் கோவைக்குப் போகிறேன்.