கதிர்வீச்சு அளவை யாரும் அளப்பதில்லையா?

"புற்றுநோய் கதிர்வீச்சு மெஷினை கம்பெனிக்காரன் ஒருமுறை செட் பண்ணிவிட்டுப் போவான், அதோடு சரி. எவ்வளவு டோஸ் வருகிறது என்று யாரும் அளப்பதில்லை." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. இதைப் படித்துவிட்டு யாராவது சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

மெஷின் தரும் அளவைத் தினமும் காலையில், முதல் நோயாளி படுப்பதற்கு முன்பே சரிபார்ப்பார்கள். துல்லியமாக அளக்கும்போது, தண்ணீர்த் தொட்டியில் 10 செ.மீ. ஆழத்தில் அயனி அறை என்ற சிறு கருவியை வைப்பார்கள். உள்ளே இருப்பது வெறும் காற்று, 0.6 கன செ.மீ. போல. சிகிச்சை அறையின் வெப்பநிலை 20 டிகிரிக்குப் பதில் 25 டிகிரியாக இருந்தால் காற்று விரிந்து, கருவிக்குள் இருக்கும் காற்றின் அளவு குறைவதால், கருவி 1.7 சதவீதம் குறைத்துக் காட்டும். அதனால் வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொண்டு திருத்திக் கணக்கிடுவார் மருத்துவ இயற்பியலாளர்.

அந்தக் கருவியே சரியா? இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைத் தர ஆய்வகத்துக்கு அனுப்பி அளவுத்திருத்தம் செய்வார்கள். இந்தியாவில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் அப்படியோர் ஆய்வகம் உண்டு.

தவறே நடந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். 1988இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் சிகிச்சை மெஷினில் கதிர்வீச்சைத் தரும் புதிய கோபால்ட் மூலத்தைத் தவறாக அளந்ததால் 207 பேருக்குச் சுமார் 25 சதவீதம் கூடுதல் டோஸ் போனது. ஒருவர் அளந்ததை இன்னொருவர் தனியாக அளந்து பார்ப்பது இதற்காகத்தான். சந்தேகமிருந்தால் உங்கள் மருத்துவமனையின் இயற்பியலாளரிடமே கேளுங்கள். தினசரி அளவுகளை அவர் எழுதி வைத்திருப்பார்.