பச்சைத் தண்ணீர் எப்படித் தப்பாகும்?

முந்தாநாள் நான் போட்ட நோட்டுப் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். 'பச்சைத் தண்ணீரில் குளித்தேன்' என்று என் மகள் எழுதியதை அடித்துவிட்டு, 'தண்ணீருக்கு நிறம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். கீழே வந்த பின்னூட்டங்களில் பாதிப் பேர் டீச்சர் பக்கம். மனசு ஆறவில்லை.

பச்சை என்பது நிறம் மட்டும் இல்லை. பசுமையோடு ஒரே வேரில் பிறந்த சொல் அது. இலைக்கு நிறமாக நிற்கும் அதே சொல்தான் வேகாதது, சுடாதது, காயாதது, ஆறாதது எல்லாவற்றுக்கும் நிற்கிறது. பச்சரிசி வெள்ளைதானே? நெல்லை அவிக்காமல் குத்தியதால் அது பச்சரிசி. பச்சைக் கற்பூரமும் வெள்ளைதான். பச்சைப் புண்ணில் எங்கே பச்சை?

தங்கைக்குப் பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள், தொட்டித் தண்ணீரில் துணி அலசக் கையை விட்டாள். அம்மா ஓடிவந்து கையை இழுத்து, முந்தானையில் விரல் விரலாகத் துடைத்தாள். "பச்ச ஒடம்புக்காரி, பச்சத் தண்ணியில கைய வைக்கலாமாடி?" ஒரே வாக்கியத்தில் இரண்டு பச்சை. இரண்டிலும் நிறம் இல்லை.

'அது பேச்சு வழக்கு, எழுத்துக்கு ஆகாது' என்கிறீர்கள். வள்ளுவர் 660ஆம் குறளில் வஞ்சனையால் சேர்த்த பொருளை, பசுமண் கலத்தில் ஊற்றி வைத்த நீர் என்கிறார். பசுமண் என்றால் சுடாத மண். பச்சை நிற மண் இல்லை. காமராசரைப் பெரியார் பச்சைத் தமிழர் என்றாரே, அவர் எந்த நிறத்தைச் சொன்னார்?

'டீச்சருக்கு வேலை அதிகம்' என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, அத்தனை நோட்டுத் திருத்துவது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சந்தேகமாக இருந்தால் விட்டுவிடலாமே? எதற்கு அடிக்க வேண்டும்? 'ஒரு மார்க்குக்கா இவ்வளவு?' என்று கேட்டவருக்குப் பதில் சொல்லவே எனக்கு மனமில்லை. மார்க்கை யார் கேட்டது?

அந்தச் சொல்லை என் மகள் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. என் அம்மாவிடமிருந்து எடுத்தாள். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் பேச்சு இந்த வீட்டில் மிச்சமிருப்பது இந்தப் பிள்ளையின் வாயில்தான். அதன்மேல்தான் அந்தச் சிவப்புக் கோடு விழுந்திருக்கிறது.

நேற்று ராத்திரி 'குளிர்ந்த நீரில் குளித்தேன்' என்று பத்துத் தடவை எழுதி முடித்துவிட்டு, நோட்டை மூடாமலே கேட்டாள்: "அப்பத்தா தப்பாவாப்பா பேசுச்சு?"

இல்லடா என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.