லைன் நின்றதும் வாயில் வரும் முதல் வார்த்தை

நன்றாக வேலை தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து நீதான் சூப்பர்வைசர்" என்று சொல்லிவிடுவார்கள். வண்டி தயாரிக்கும் தொழிற்சாலைகளில் இது சகஜம். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. பத்து வருடம் அசெம்பிளி லைனில் நின்றவன், லைனில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள இடத்தை ஸ்டேஷன் என்போம், எந்த ஸ்டேஷனில் விட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அதனாலேயே முதல் இரண்டு வருடம் மோசமான சூப்பர்வைசராக இருந்தேன். எங்காவது தாமதம் என்றால் ஓடிப்போய் நானே கன்னை, அதாவது போல்ட் முடுக்கும் கருவியை, பிடுங்கி போல்ட்டை முடுக்கிவிடுவேன். பெருமை வேறு!

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு, கையைக் கட்டிக்கொண்டு நடக்கிற வேலை. கணக்கைப் பாருங்கள். 8 மணி நேர ஷிஃப்ட் என்றால் 480 நிமிடம். இடைவேளைகளுக்கு 50 போனால் 430. அன்று 430 வண்டி இறங்க வேண்டும் என்றால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு வண்டிக்கு 60 விநாடிதான். இதைத்தான் டாக்ட் டைம் என்கிறோம். இரண்டு பேர் வரவில்லை என்றாலும் இந்த 60 மாறாது. அதனால் ஷிஃப்ட் தொடங்க இருபது நிமிடம் முன்பே போய், யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு எந்த ஸ்டேஷன் தெரியும் என்று பார்த்து ஆளை மாற்றிப் போட வேண்டும். முந்தின ஷிஃப்ட்காரர் "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். எல்லாம் ஓகே என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், அது வேறு கதை.

ஒரு நைட் ஷிஃப்ட். சீட் பெல்ட்டை வண்டியோடு பிணைக்கிற ஆங்கர் போல்ட் போடும் ஸ்டேஷனில் ஒரு புதுப் பையன். கோளாறு என்றால் உதவிக்குக் கூப்பிட இழுக்கிற ஆண்டன் கயிற்றை இழுத்தான், மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது. அன்று ஏற்கெனவே பதினைந்து வண்டி பின்தங்கியிருந்தோம். நான் போய்க் கேட்ட முதல் வார்த்தை, "இப்ப என்னடா?" போல்ட் ஏறும்போது ஏதோ இறுக்கமாக இருக்கிறது என்றான். சரியாக முடுக்கியாச்சு என்று கன்னில் பச்சை விளக்கு வந்திருந்தது. "பச்சை வந்தாச்சு, விடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவன் சொன்னதுதான் சரி. மரை கோணலாக ஏறினாலும் டார்க் எண், அதாவது முடுக்கும் விசையின் அளவு, வந்துவிடும். உராய்வே அந்த எண்ணைக் காட்டிவிடும், போல்ட்டோ அடியில் உட்கார்ந்தே இருக்காது. டார்க்கோடு போல்ட் எத்தனை டிகிரி சுழன்றது என்றும் பார்க்கிற கன் அதைப் பிடித்திருக்கும். எங்களிடம் அன்று இருந்தது டார்க்கை மட்டும் பார்க்கிற கன். காலையில் கடைசி ஆய்வில் ஒரு வண்டி மாட்டியது. அப்புறம் யார்டில் நின்ற அத்தனை வண்டிகளிலும் போல்ட்டை மூடியிருக்கும் உள் உறையான டிரிம்மைக் கழற்றிப் பார்த்தோம். மொத்தம் 11 வண்டியில் அதே கோளாறு.

அந்தப் பதினொன்றைவிட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. என்னிடம் பேச்சு வாங்கிய பிறகு அந்த ஷிஃப்ட் முடியும் வரை அவன் கயிற்றைத் தொடவே இல்லை. பக்கத்து ஸ்டேஷன்காரர்களும் தொடவில்லை. எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கயிற்றின் வேர் தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். கோளாறு வந்தால் நில் என்கிற அதே எண்ணத்தைத்தான் டொயோட்டாவில் கார் லைனுக்கும் கொண்டுவந்தார்கள். கயிற்றை இழுத்தால் உடனே லைன் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வண்டி அந்த ஸ்டேஷனின் எல்லைக் கோட்டைத் தொடும் வரை நகரும். அதற்குள் ஒருவர் வந்து சரிசெய்துவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், முடியாவிட்டால்தான் நிற்கும். ஆக அந்தச் சில விநாடிகளுக்குள் ஓடி வருகிற ஆள் யார், வந்ததும் என்ன பேசுகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கயிற்றைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிவிடலாம், அதை இழுக்கிற தைரியத்தை எங்கே வாங்குவது?

மனிதர்களை மறந்தால் என்ன ஆகும் என்பதும் பழைய கதைதான். ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் 1913இல் நகரும் லைன் வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் வேலை அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிடத்துக்கு இறங்கியது. ஆட்களோ நிற்கவில்லை. 1913இல் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 370 சதவீதம். 1914 ஜனவரியில் தினக்கூலி 5 டாலர் என்று அறிவித்துத்தான் ஆளைப் பிடித்து வைக்க முடிந்தது. சூப்பர்வைசர்களான நம் கையில் சம்பளம் இல்லை. பேச்சு மட்டும்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், சூப்பர்வைசரை எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்கிற வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு ஷிஃப்டில் ஒருமுறைகூடக் கயிறு இழுக்கப்படவில்லை என்றால் பல மேலாளர்கள் பாராட்டுகிறார்கள். நானாக இருந்தால் அந்த ஷிஃப்டைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். புதிதாக உயர்த்துகிற ஆளுக்கு டார்கெட் ஷீட்டைக் கையில் கொடுப்பதற்கு முன், ஒரு மாதம் அனுபவமுள்ள சூப்பர்வைசரின் பின்னால் நடக்க விடுங்கள். எனக்குக் கிடைத்தது அரை நாள் வகுப்பு. அதில் பாதி லீவு ஃபாரம் நிரப்புவது எப்படி என்பது.

இப்போது விளக்கு எரிந்தால் போய் நின்று, "சொல்லுப்பா" என்று மட்டும்தான் கேட்கிறேன். கை இன்னமும் கன்னைப் பிடுங்கத்தான் பரபரக்கிறது. பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறேன்.