ஜனவரியோடு ஆட்டம் முடிகிறது, ஏப்ரல் வரை எடை போடுகிறோம்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (கையால் பந்து வீசி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர்களை வரவழைத்து, ஓடவிட்டு, குதிக்கவிட்டு, உயரம், எடை, கையின் நீளம், விரித்த உள்ளங்கையின் அகலம் வரை அளந்து குறித்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் இறுதியில் தொழில்முறை லீகான என்எஃப்எல் நடத்தும் டிராஃப்டுக்கு, அதாவது வீரர் தேர்வுக்கு, முன்னோட்டமான இந்த முகாமுக்குக் கம்பைன் என்று பெயர். அது முடிந்த மறுநாளே, இன்னார் பத்து இடம் ஏறிவிட்டார், இன்னார் இரண்டாம் சுற்றுக்குச் சரிந்துவிட்டார் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. பல ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளைக் கல்லூரி ஆட்டங்களுக்கே ஒதுக்கி வைத்திருப்பவன் என்ற முறையில், இந்தப் பேச்சின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. கல்லூரி சீசன் ஜனவரியோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு டிராஃப்ட் நாள் வரை பெரும்பாலான வீரர்கள் ஓர் ஆட்டம்கூட ஆடுவதில்லை. ஆடாத ஒருவர் எப்படி ஏறுகிறார், எப்படி இறங்குகிறார்?

இந்த விளையாட்டைத் தொடராத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஐபிஎல் ஏலத்தைப் போல இங்கே யாரும் விலை கூறுவதில்லை. 32 அணிகளும் வரிசைப்படி ஏழு சுற்றுகளில் தங்களுக்கு வேண்டிய கல்லூரி வீரரைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. ஒரு வீரரின் பெயர் எத்தனையாவதாக அழைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய முதல் ஒப்பந்தத்தின் தொகையும், பயிற்சியாளர்கள் அவரிடம் காட்டும் பொறுமையும் அமைகின்றன. எனவே அந்த மதிப்பீட்டில் நேரும் பிழை, இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரின் பிழைப்பில் விழும் பிழை.

பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்த டாம் பிரேடியின், எல்லோருக்கும் தெரிந்த கதையை நான் வேறொரு காரணத்துக்காகச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு கம்பைனில் அவர் 40 கஜ ஓட்டத்தை 5.28 வினாடிகளில் ஓடினார். அது மிக மெதுவான நேரம். அவருக்கு முன்பாக ஆறு குவார்ட்டர்பேக்குகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆறாம் சுற்றில் 199ஆவது ஆளாக நியூ இங்கிலாந்து அவரை எடுத்தது. பிறகு அவர் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஏழு முறை வென்றார் என்பதோடு எல்லோரும் கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதே ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி, அதாவது டிராஃப்டுக்கு நான்கு மாதங்களுக்குள், கல்லூரி சீசனின் முடிவில் நடக்கும் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் அலபாமாவுக்கு எதிராக அவருடைய மிச்சிகன் பல்கலைக்கழக அணி இரண்டு முறை 14 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. இரண்டு முறையும் பிரேடி அணியை மீட்டெடுத்து, 369 கஜம் வீசி, நான்கு டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் பெறும் புள்ளிகள்) எறிந்து, கூடுதல் நேரத்தில் 35-34 என்ற கணக்கில் வெல்ல வைத்தார். இது ரகசியமாக நடந்த ஆட்டம் அன்று. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நெருக்கடியில் நிதானம் இழக்காத குவார்ட்டர்பேக் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த அணிகள், அந்த நிதானத்தைக் கண்ணெதிரே பார்த்த பிறகும், நேராக ஓடும் ஓட்டத்தில் அவர் எவ்வளவு மெதுவானவர் என்பதையே பெரிதாக எடுத்துக்கொண்டன.

இன்னும் தெளிவான உதாரணம் ஆர்லாண்டோ பிரவுன். ஓக்லஹோமாவின் லெஃப்ட் டேக்கிள், அதாவது குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்கும் ஆள். டேக்கிளின் வேலையை ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். பந்து கைமாறிய கணத்தில் அவர் முன்னே போவதில்லை. இடுப்பைத் தாழ்த்தி, பின்னோக்கியும் பக்கவாட்டிலும் இரண்டு மூன்று எட்டு வைக்கிறார். எதிரே பாய்ந்து வருபவரின் மார்பில் சரியான நேரத்தில் உள்ளங்கைகளைப் பதித்து, அவரைக் குவார்ட்டர்பேக்கின் முதுகுப்பக்கமாகச் சுற்றிப் போகும்படி தள்ளிவிடுகிறார். எல்லாம் மூன்று வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. கை சற்று முந்தினால் எதிராளி அதைத் தட்டிவிட்டு உள்ளே புகுந்துவிடுவார், பிந்தினால் இவரையே பின்னுக்குத் தள்ளிவிடுவார். இந்த வேலையில் 40 கஜம் நேராக ஓடும் தேவை எங்கே வருகிறது? 2018 கம்பைனில் பிரவுன் அந்தத் தூரத்தை 5.85 வினாடிகளில் ஓடினார். 225 பவுண்டு எடையை 14 முறை மட்டும் தூக்கினார். உடனே மூன்றாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டு, 83ஆவது ஆளாக பால்டிமோருக்குப் போனார். ஓக்லஹோமாவில் அவர் காத்து நின்ற பேக்கர் மேஃபீல்டோ அதே டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்! பிறகு பிரவுன் லீகின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கு நான்கு முறை தேர்வானார், கான்சஸ் சிட்டியோடு சூப்பர் பௌலும் வென்றார். அவருடைய நீண்ட கைகளும் பொறுமையான கால்களும் கல்லூரி ஆட்டங்களின் பதிவில் அப்படியே இருந்தன.

வேகமே தேவைப்படும் இடங்களில்கூட வேகம் மட்டும் போதுவதில்லை. 2017இல், வீசும் பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவரான ஜான் ராஸ் 40 கஜத்தை 4.22 வினாடிகளில் ஓடி அதுவரை இருந்த கம்பைன் சாதனையை முறியடித்தார், சின்சினாட்டி அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது, ஆனால் காயங்கள் விடவில்லை, எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. அதே டிராஃப்டில் 69ஆவது ஆளாகப் போன இன்னொரு ரிசீவர் கூப்பர் கப் அவ்வளவு வேகமானவர் அல்லர். 2021 சீசனில் பிடித்த பந்துகள், கஜம், டச் டவுன் மூன்றிலும் அவரே முதலிடத்தில் இருந்தார்.

ஆட்டத்தின் பதிவைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒஹையோ ஸ்டேட்டின் வெர்னன் கோல்ஸ்டன் 2007 சீசனில் குவார்ட்டர்பேக்குகளை 14 முறை வீழ்த்தியவர். உடற்தகுதிச் சோதனைகளிலும் அசத்தியவர். ஆறாவது ஆளாக நியூயார்க் ஜெட்ஸ் அணி எடுத்த அவர், என்எஃப்எல்லில் ஒரு குவார்ட்டர்பேக்கைக்கூட வீழ்த்தாமல் ஓய்ந்துபோனார். பதிவும் அளவீடும் ஒன்றாகச் சேர்ந்து தவறான வழி காட்டிய நிகழ்வு அது. அதைவிட என்னை வருத்துவது, பார்க்கிற கண்ணே கோணலாக இருந்த காலங்கள். வாரன் மூன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 1978 ரோஸ் பௌலில் வெல்ல வைத்தவர். கறுப்பினத்தவர் என்பதால் குவார்ட்டர்பேக்காக அவரை ஏற்க அணிகள் தயங்கின. அந்த ஆண்டு டிராஃப்டில் அவர் பெயர் அழைக்கப்படவே இல்லை. கனடாவின் எட்மன்டன் அணிக்குப் போய்த் அந்நாட்டு லீகின் கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற பிறகுதான் என்எஃப்எல்லின் கதவு திறந்தது. 2006இல் அவர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். நாற்பது ஆண்டுகள் கழித்து, கல்லூரி ஆட்டத்தின் மிகச்சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனைப் பார்த்தும், இவர் ரிசீவராக ஆடட்டும் என்று விவரம் அறிந்த பெரியவர்களே சொன்னார்கள். அவர் அதற்கு இணங்கவில்லை. அவருக்கு முன் நான்கு குவார்ட்டர்பேக்குகள் போன பிறகு, முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவது இடத்தில் எடுக்கப்பட்டார். 2019இலும் 2023இலும் அவரே லீகின் மிகச்சிறந்த வீரர். எந்தக் கடிகாரமும் இந்தப் பிழையைச் செய்யவில்லை என்பதை அளவீடுகளைக் குறை சொல்லும் என்னைப் போன்றவர்கள் மறந்துவிடக் கூடாது.

அந்த நான்கு மாதங்களில் புதிதாகத் தெரியவருவது எதுவுமே இல்லையா என்றால், உண்டு. மருத்துவப் பரிசோதனை உண்மையான செய்தி. முழங்காலும் தோளும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சொல்ல முடியாது. அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் நடக்கும், கல்லூரியை முடிக்கும் வீரர்களுக்கான சீனியர் பௌல் ஆட்டத்தின் பயிற்சி வாரமும் அப்படித்தான், ஏனென்றால் சிறிய கல்லூரியிலிருந்து வருபவர் அங்கே பெரிய கல்லூரி வீரர்களோடு நேருக்கு நேர் மோதுகிறார். டொலிடோவின் குவின்யான் மிட்செல் 2024இல் அங்கே தன்னை நிரூபித்தார். 22ஆவது ஆளாகப் பிலடெல்பியாவுக்குப் போய், முதல் சீசனிலேயே சூப்பர் பௌல் வென்றார். இவை போன்றவற்றுக்கு மதிப்பெண் போடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2023இல் ஒஹையோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் எழுதிய அறிவுத்திறன் சோதனையின் முடிவு என்று ஒரு குறைந்த எண்ணை வெளியே கசியவிட்டு, இவருக்கு விளையாட்டைப் புரிந்துகொள்ளும் வேகம் போதாது என்று நாள் கணக்கில் பேசினார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஜார்ஜியாவுக்கு எதிரான அரையிறுதியில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அப்போது நான்கு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஹூஸ்டன் அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் 23 டச் டவுன் எறிந்தார், எதிரணி பறித்த பந்துகள் ஐந்தே ஐந்து. ஓர் இளைஞரின் தனிப்பட்ட சோதனை முடிவைக் கசியவிடுவது அநாகரிகமான செயல், அதை நம்பி எழுதியவர்களுக்கும் அதில் பங்குண்டு.

குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் விஷயத்தில் நான் தவறாகக் கணித்தேன். வயோமிங்கில் நூறு பந்து வீசினால் 56தான் சேரும் என்ற நிலையில் இருந்தவரை ஏழாவது ஆளாக பஃபலோ எடுத்தபோது, எண்களை மட்டும் வைத்து அவரைத் தள்ளிவிட்டேன். முதல் சீசனில் அது 53ஐக்கூட எட்டவில்லை. ஆனால் அணி அவசரப்படவில்லை. 2020இல் அது 69ஐத் தாண்டியது. ஒரு வீரர் என்ன ஆவார் என்பதில் அவரை எடுக்கும் அணிக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். டிராஃப்டுக்கு முந்தைய பட்டியல்கள் எதிலும் அந்தப் பாதி இடம்பெறுவதில்லை.

ஆய்வாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் பல ஆண்டுத் தேர்வுகளை ஆராய்ந்து, ஆட்டத்தில் ஒரு பொறுப்புக்கு (குவார்ட்டர்பேக், டேக்கிள் போல) முதலில் எடுக்கப்பட்டவர் அதே பொறுப்புக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு 52 விழுக்காடுதான் என்று கண்டார்கள். நாணயத்தைச் சுண்டுவதைவிடச் சற்றே மேல். இது தெரிந்த பிறகும், ஒருவருக்காக அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளை விட்டுக்கொடுத்து மேலே ஏறும் அணிகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

2022 டிராஃப்டின் கடைசித் தேர்வு 262ஆவது. அந்த இடத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தவர் பிராக் பர்டி. இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் சூப்பர் பௌலில் குவார்ட்டர்பேக்காக இறங்கி, கூடுதல் நேரம் வரை ஆட்டத்தைக் கொண்டுபோனார். அவர் அயோவா ஸ்டேட்டில் நான்கு சீசன் ஆடியவர். அந்த ஆட்டங்களின் பதிவுகள் 32 அணிகளிடமும் இருந்தன.