விரலை எடுத்தால் ஆளைக் காணோம்

"ஒயர் சரியா மாட்டியிருக்கான்னு பாத்தியாண்ணா?"

இந்தக் கேள்வியை இன்னும் ஒருத்தர் கேட்டால் அந்த நாலு ஒயரையும் பிடுங்கி அவர் கழுத்தில் மாலையாகப் போட்டுவிடுவேன். பார்த்தேன் சாமி. ஓர் அசைவு சென்சாரை ஆர்டுயினோ ஊனோ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டோடு இணைக்க மூன்று ராத்திரியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு விசிசி, கறுப்பு கிரவுண்ட், இரண்டும் கரண்டுக்கு. மஞ்சள் எஸ்டிஏ, தகவல் போகிற ஒயர், அது ஊனோவில் ஏ4. பச்சை எஸ்சிஎல், அந்தத் தகவலுக்குத் தாளம் போடுகிற ஒயர், அது ஏ5. கண்ணை மூடினாலும் இதே வரிசைதான் ஓடுகிறது. எஸ்டிஏவை ஒட்டியே எக்ஸ்டிஏ என்று ஒரு பின் வைத்திருக்கிறார்களே புண்ணியவான்கள், அதில் முதல் நாளே மாட்டி ஏமாந்து திருந்தி வந்தவன் நான். என்னிடமே ஒயர் பாடம்!

நான் ஒன்றும் ராக்கெட் விடவில்லை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பு கேட்டை ராத்திரி யாராவது ஆட்டினால் பஸ்ஸர் அலற வேண்டும். அவ்வளவுதான். பெங்களூரா மாங்காய் மூட்டை மூட்டையாக நடந்து போகிறது. இதற்காக பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போய் அந்த ஆர்டுயினோவும் எம்பியு 6050 என்கிற அசைவு சென்சாரும் வாங்கி வந்தேன். திரும்பும்போது ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போன பஸ்ஸைப் பற்றித் தனியாக ஒரு நாள் திட்டுகிறேன். அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "ஒரு நாய் வாங்கியிருந்தா ஒயரே வேண்டாமேடா."

எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு ஒயரில் சென்சாரும் போர்டும் பேசிக்கொள்கிற முறைக்கு ஐ2சி என்று பெயர். அதற்கு ஐ2சி ஸ்கேனர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. தெருவில் 1ஆம் நம்பர் வீட்டிலிருந்து 126 வரை ஒவ்வொரு கதவாகத் தட்டி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கும். நம்ம ஆள் குடியிருக்க வேண்டியது 104ஆம் வீடு. பதினாறு பதினாறாக எண்ணுகிற ஹெக்ஸ் கணக்கில் அதைத்தான் 68 என்பார்கள். ஏடி0 பின்னுக்குக் கரண்ட் கொடுத்தால் அடுத்த கதவுக்கு மாறிக்கொள்வார். இரண்டு கதவையும் தட்டியாயிற்று. போர்டில் எல்இடி மட்டும் கல்யாண வீடு மாதிரி ஜெகஜோதியாக எரிகிறது. உள்ளே ஆள் இல்லை. ஐந்து நொடிக்கு ஒருமுறை "நோ ஐ டூ சி டிவைசஸ் ஃபவுண்ட்". எர்ரர் எண்ணை எடுத்துப் பார்த்தால் 2. அப்படியென்றால், கூப்பிட்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை என்று அர்த்தம். என் வாழ்க்கையின் சுருக்கமும் அதுதான்.

சென்சாருக்கான புரோகிராம் லைப்ரரியை அழித்துப் போட்டேன். வேறு யுஎஸ்பி கேபிள் போட்டேன். ஒயரை எல்லாம் மாற்றினேன். ஒயர் சொருகுகிற பிரெட்போர்டைத் திருப்பி வைத்தேன். அது எதற்கு என்று எனக்கே தெரியாது. வாஸ்துவாக இருக்கலாம்.

மூன்றாம் ராத்திரி ஒன்றரை மணி. எரிச்சலில் அந்தச் சென்சார் போர்டைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். ஸ்கிரீனில் "68 ஃபவுண்ட்". கத்தியே விட்டேன். விரலை எடுத்தேன். காணோம். அழுத்தினேன். வந்துவிட்டது. எடுத்தேன். போய்விட்டது. மெதுவாக எடுத்துப் பார்த்தேன். அதற்குத் தெரிந்துவிடுகிறது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டே எடுத்தேன். அதற்கும் தெரிந்துவிடுகிறது. கட்டைவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரல், அப்புறம் பென்சில், அப்புறம் அரை கிலோ படிக்கல். மனித விரலுக்குத்தான் மரியாதை கொடுக்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னடா இது, ரேஷன் கடையில ரேகை வெக்கற மாதிரி அழுத்திட்டு உக்காந்திருக்க?"

ரேஷன் மிஷினாவது மூன்றாவது தடவையில் ஏற்றுக்கொள்கிறது.

விஷயம் என்னவென்றால், ஒயர் மாட்டுகிற எட்டு பின் உள்ள பட்டை சென்சார் பாக்கெட்டில் தனியாக வரும். அதை சென்சார் போர்டின் ஓட்டையில் விட்டு சால்டர், அதாவது ஈயப் பற்று, வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. சும்மா சொருகியிருந்தேன். விசிசியும் கிரவுண்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டு எல்இடியை எரியவிட்டன. எஸ்டிஏ மட்டும் ஓட்டைக்குள் நின்று ஆடிக்கொண்டிருந்தது. ஏன் சால்டர் வைக்கவில்லை என்று இப்போது கேட்காதீர்கள். அதற்கு வருகிறேன்.

காலையில் டவுன் செல்போன் கடைக்குப் போனேன். மீசை முளைக்காத பையன் எட்டுப் புள்ளி வைத்து ஒரே நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டான். மூன்று ராத்திரி, ஒரு நிமிடம். ஓசூரில் இருக்கிற சித்தப்பா மகனுக்குப் போன் போட்டுச் சொன்னால், "அதான் அன்னிக்கே ஒயரப் பாருன்னு சொன்னேன்லண்ணா" என்கிறான். அது ஒயர் இல்லைடா, பின்!

சரி, வீட்டுக்கு வந்து மாட்டினேன். 68 ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அளவைப் படிக்கச் சொன்னால் எக்ஸ் பூஜ்யம், ஒய் பூஜ்யம், இசட் பூஜ்யம். தூக்கி ஆட்டினேன். பூஜ்யம். தலைகீழாகப் பிடித்தேன். பூஜ்யம். தேடித் தேடிப் படித்ததில் தெரிந்த உண்மை: இந்தச் சிப்புக்குக் கரண்ட் கொடுத்தால் எழுந்திருக்காது, தூங்க ஆரம்பிக்கும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அதற்குள் ரெஜிஸ்டர் என்று நம்பர் போட்ட எண் பெட்டிகள் இருக்கின்றன, அதில் 107ஆம் ரெஜிஸ்டரில் ஒரு பூஜ்யத்தை எழுதினால்தான் கண் விழிக்கும். கும்பகர்ணனை எழுப்பவாவது ஒரு படையே மெனக்கெட்டது. நான் மூன்று ராத்திரி கண் விழித்து உட்கார்ந்திருக்கிறேன், எதிரே உட்கார்ந்திருப்பது தூங்குகிறது. அசைவைக் கண்டுபிடிக்கிற சென்சாராம்!

பூஜ்யத்தை எழுதினேன். இசட்டில் 16,200 சொச்சம் வந்தது. 16,384 வந்தால் ஒரு ஜி, அதாவது பூமி இழுக்கிற அளவு. ஆகப் புவியீர்ப்பு விசை எங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஏறக்குறைய வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது அந்த சால்டரிங் அயர்ன். என்னிடம் இருந்தது. நல்ல அயர்ன். பொங்கலுக்கு முன்னால் பக்கத்து வீட்டு மாமா, "அரை மணி நேரத்துல குடுத்தர்றேன் தம்பி" என்று வாங்கிப் போனார். நேற்று வெட்கத்தை விட்டுக் கேட்கப் போனேன். வாசலில் வரிசையாகப் பெயிண்ட் வாளி, வாளிக்கு வாளி அடியில் வட்ட வட்டமாக ஓட்டை, மேலே துளசி. அயர்னின் முனையில் உருகிய பிளாஸ்டிக் கருப்பட்டிப் பாகு மாதிரி உறைந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்து, "ஏன் தம்பி, இது ஓட்டை போடறதுக்குத்தானே?" என்றார். அத்தை உள்ளேயிருந்து வந்து, கண்ணெல்லாம் சிவந்திருக்கே, சளியா என்று கேட்டு ஒரு பிடி துளசி பறித்துக் கையில் திணித்தார்.

துளசியோடு வீட்டுக்கு வந்தேன். அயர்ன் அங்கேயேதான் இருக்கிறது. ரோஜாவுக்கு இன்னும் இரண்டு வாளி பாக்கியாம்.