பத்துத்தூணை விட்டுட்டீங்களே!

மதுரை திருமலை நாயக்கர் மகால் அரண்மனையைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை அருமை; பத்துத்தூணைத்தான் அதில் காணோம். மகாலின் பெரிய மண்டபமான சொர்க்க விலாசத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், கண் இறங்காது. அந்தத் தூண்களைச் சின்ன வயதில் கல் என்றே நினைத்திருந்தேன்; செங்கல்லும் சுண்ணாம்பும் என்று அப்பா சொன்னபோது நம்பவில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சாம், தொட்டால் அப்படியொரு வழவழப்பு. (அதில் ஆணியால் பேரைக் கிறுக்கிய காதலர்களை என்ன சொல்ல!)

ஆனால் 1636-ல் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது கால்வாசிதான். மகாலுக்கு அருகே விளக்குத்தூண் கடைவீதிப் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் பத்துத்தூண் சந்துக்குள்ளும் எட்டிப் பாருங்கள். கடை போர்டுகளுக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவே நிற்கிற அந்தப் பத்துத் தூண்களும் இதே அரண்மனையுடையவைதான். டிக்கெட்டும் கிடையாது.